கேமரா ஐந்து, அடுத்தது ஜால்ரா

என் மாப்பிள்ளைக்கு ஜால்ரா போடுவதுதான் தொழில். நீங்கள் சிரிப்பீர்கள். நான் முதல் தடவை கேட்டபோது பதறிப் போனேன். பதினோரு வருஷத்துக்கு முன்னால் என் மகள் வந்து, "அம்மா, நான் ஒருத்தரைக் கல்யாணம் பண்ணிக்கப் போறேன், அவர் ஜால்ரா போடுறவர்" என்றாள். "யாருக்குடி?" என்றுதான் என் வாயில் வந்தது.

அப்புறம்தான் விளக்கினாள். தொண்ணூறு பேர் சேர்ந்து உட்கார்ந்து சிம்பொனி வாசிக்கிற பெரிய இசைக்குழு. வயலின்காரர்கள் எல்லாம் முன்னால், ஊதுகிறவர்கள் நடுவில், கடைசி வரிசையில் உயரமான படியில் இரண்டு பெரிய வெண்கலத் தட்டுகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இவர். அங்கே எல்லோரும் அதைத் 'தட்டு' என்றுதான் சொல்வார்களாம். எங்கள் வீட்டில் மட்டும் அன்றைக்கு நான் பதறிய பதற்றத்தால் 'ஜால்ரா' என்றே நிலைத்துவிட்டது.

அந்தக் குழு வாசிப்பதில் ஒரு சிம்பொனி இருக்கிறது. நாற்பத்தேழு நிமிஷம். அதில் மாப்பிள்ளைக்கு ஒரே ஒரு அடி. மிச்ச நேரமெல்லாம் உட்கார்ந்திருக்க வேண்டும்.

"சும்மா உக்காந்திருக்க அலுப்பா இல்லையா மாப்ள?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"சும்மா எங்க அத்தை இருக்கேன்? எண்ணிக்கிட்டில்ல இருக்கேன்" என்றார்.

என் மகளுக்கும் எண்ணுவதுதான் வேலை. இந்தக் கச்சேரிகளைப் படம் பிடித்து, வீட்டில் உட்கார்ந்து டிவியில் பார்க்கிறவர்களுக்காகத் தட்டாகவும் விற்பார்கள், இணையத்திலும் போடுவார்கள். தட்டு என்றால் இது வேறு தட்டு, வட்டமாக மினுமினுக்குமே, அது. அரங்கத்துக்குப் பின்னால் ஒரு நீளமான வேன் நிற்கும். உள்ளே சுவர் முழுக்கத் திரைகள், ஏழு கேமராவுக்கு ஏழு. டைரக்டருக்குப் பக்கத்தில் என் மகள் இசையை எழுதிவைத்த நொட்டேஷன் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு, தாளத்துக்குப் பிரித்த கட்டம் கட்டமாக விரலை நகர்த்தி, "கேமரா மூணு, அடுத்தது புல்லாங்குழல். மூணு, ரெண்டு, ஒண்ணு" என்று மைக்கில் சொல்வாள். ஒண்ணு என்றதும் டைரக்டர் விரலைச் சொடுக்குவார், படம் மாறும். அவள் ஒரு கட்டம் பிசகினால் வயலின் அழும்போது திரையில் டிரம் தெரியும்.

ஆக, வீட்டில் இரண்டு பேரும் எண்ணுகிறவர்கள். மாடிப்படி ஏறும்போதுகூட வாய் முணுமுணுக்கும். 'சாப்பிட வாங்க' என்று கூப்பிட்டால் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் கையைத் தூக்கி 'இரு' என்று காட்டுவார்கள்.

இப்படிப் பதினேழு படம் வெளிவந்தாயிற்று. பதினேழிலும் மாப்பிள்ளை அடிக்கிற அடி ஒன்றுகூடத் திரையில் இல்லை. இவர் அடிக்கிற இடமெல்லாம் இசை உச்சத்துக்குப் போகிற இடம். அப்போது டைரக்டருக்குக் கண்டக்டர் முகம் வேண்டும். பஸ் கண்டக்டர் இல்லை, கையில் குச்சியை வைத்துக்கொண்டு முடி பறக்க நிற்பாரே, அவர். சத்தம் 'ஜாங்ங்' என்று மாப்பிள்ளையுடையது, படம் கண்டக்டரின் தலைமுடி. ஒரு படத்தில் முழங்கை தெரிந்தது. ஒன்றில் முன்னால் இருந்தவரின் ஊதுகுழல் வாய் இவர் முகத்தை மறைத்துவிட்டது.

அதுகூடப் பரவாயில்லை என்று விட்டுவிடலாம். போன தடவை இந்த ஒற்றை அடி சிம்பொனியைப் படம் எடுத்தார்கள் பாருங்கள், அதில்தான் மாப்பிள்ளை நன்றாகத் தெரிந்தார். நடுவில், மெதுவான பகுதியில், நாலு கட்டம் முழுக்க அவர் முகம் மட்டும். வாயை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் திறந்து ஒரு கொட்டாவி விட்டார்.

மாப்பிள்ளையின் அண்ணன் இருக்கிறாரே, அவர் போதாதா? அந்த இடத்தில் படத்தை நிறுத்தி, வெட்டி, ஸ்டிக்கராக்கிக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். யாராவது 'குட் மார்னிங்' போட்டால் பதிலுக்கு மாப்பிள்ளையின் கொட்டாவி வரும். யாருக்காவது வேலையில் உயர்வு என்றால் கீழே கொட்டாவி. நேரில் பார்த்தாலும், "வாடா கொட்டாவி, அடிச்சியா இன்னிக்கு, இல்ல வாயைத் திறந்ததோட சரியா?" என்பார். மாப்பிள்ளை சிரித்து மழுப்புவார். ஆனால் அந்தப் படத்தை எங்கள் வீட்டில் யாரும் போடுவதில்லை. ஒரு தடவை நான் தெரியாமல் போட்டுவிட்டேன். மனிதர் எழுந்து போய், காய்ந்த துணியை மறுபடி உதறி உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார்.

இந்த வருஷம் செய்தி வந்தது. பழைய படத்தை விற்பனையிலிருந்து எடுத்துவிடப் போகிறார்கள், அதே சிம்பொனியைப் புதுசாக எடுக்கப் போகிறார்கள். இதை விட்டால் இன்னும் பத்து வருஷத்துக்கு அதை யாரும் தொடமாட்டார்கள். இந்த முறை மாப்பிள்ளை அடிப்பது தெரிய வேண்டும். இல்லையென்றால் அவர் வாழ்க்கையில் செய்தது ஒரு கொட்டாவிதான் என்று ஆகிவிடும்.

மகளிடம் சொன்னேன். "ஏண்டி, நீதான எந்தக் கேமரா எங்க போகணும்னு எழுதுறவ? உம் புருஷனை ஒரு தடவை காட்டினா என்ன கொறஞ்சு போகுது?"

"அம்மா, அந்தக் கொட்டாவி ஷாட்டை எழுதினதே நான்தான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீயாடி?"

"ஆமா. அந்த நாலு கட்டத்துல யாருக்கும் பெருசா வேலை இல்ல. அவர் அழகா உக்காந்திருப்பாரேன்னு ஆசையா எழுதினேன். அவர் கொட்டாவி விடுவார்னு நான் கண்டேனா? வேன்ல எல்லாரும் சிரிச்சாங்க. டைரக்டர் வேற, 'என்னம்மா, வீட்டுப் பாசமா?'ன்னாரு. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். இனிமே செத்தாலும் அவரை எழுதமாட்டேன்."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியும். அதனாலதான் என்கிட்ட கேக்கவும் மாட்டாரு."

கேட்கவே இல்லை. தினம் சாயங்காலம் உள்ளறையில் நின்று தட்டுகளுக்கு நடுவே துண்டை வைத்துச் சத்தமில்லாமல் அடித்துப் பழகுவார். நேருக்கு நேர் அடிக்கக் கூடாதாம், நடுவில் காற்று மாட்டிக்கொண்டு 'பொத்'தென்று போய்விடுமாம். சற்றே சாய்த்து, கீழ் விளிம்பு முதலில் பட வேண்டும். கண்ணாடி முன்னால் நின்று அதையே நூறு தடவை. இவள் வெளியே சாப்பாட்டு மேஜையில் நொட்டேஷன் புத்தகத்தில் கலர் பென்சிலால் எழுதிக்கொண்டிருப்பாள். நடுவில் ஒரு கதவு. இரண்டு பேரும் வாயைத் திறக்கமாட்டார்கள். நடுவில் கிடந்து என் உயிர் போயிற்று.

ஒரு நாள் அவள் குளிக்கப் போன சமயம் புத்தகத்தைப் புரட்டினேன். எனக்கு அந்தப் புள்ளியும் வாலும் புரியாது, அவள் கையெழுத்து புரியும். முந்நூற்றுப் பன்னிரண்டாவது கட்டத்தில், தட்டு என்று அச்சடித்திருக்கும் இடத்துக்கு மேலே, '1 – கண்டக்டர் முகம்' என்று நீலத்தில் எழுதியிருந்தாள். நான் ரப்பரை எடுத்தேன். அழித்தேன். அதே நீலப் பென்சிலால் '5 – மாப்பிள்ளை' என்று எழுதிவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி வெங்காயம் உரிக்கப் போனேன். ஐந்து என்று ஏன் போட்டேன் என்று கேட்காதீர்கள், ஏதோ ஒரு நம்பர் போடவேண்டியிருந்தது.

அவள் கவனிக்கவில்லை. டைரக்டர் கவனித்துவிட்டார். மறுநாள் வேலையிலிருந்து வந்தவள் முகம் வேகவைத்த மாதிரி இருந்தது.

"அம்மா! டைரக்டர் புத்தகத்தை வாங்கிப் பாத்துட்டு, 'மாப்பிள்ளைன்னா எந்த வாத்தியம்மா? நான் கேள்விப்பட்டதே இல்லையே'ங்கறாரு. எனக்குப் பூமிக்குள்ள போயிடலாமான்னு இருந்துச்சு."

"திட்டினாரா?"

"விழுந்து விழுந்து சிரிச்சாரு. 'கண்டக்டர் மூஞ்சியைப் பதினேழு படத்துல பாத்தாச்சு, இந்தத் தடவை மாப்பிள்ளையே வரட்டும், எழுத்தை அழிக்காத, கேமராக்காரங்களுக்குக் குடுக்கற லிஸ்ட்லயும் அப்படியே டைப் அடி'ன்னுட்டாரு. அப்புறம், இதை எழுதின கையை நேர்ல பாக்கணுமாம். கச்சேரியன்னிக்கு உன்னை வேனுக்குக் கூட்டிட்டு வரச் சொன்னாரு."

நான் மாப்பிள்ளையிடம் ஓடினேன். விஷயத்தைச் சொன்னேன். தட்டின் தோல்வாரை அவிழ்த்து மறுபடி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். முடிச்சை இறுக்கிவிட்டு, "அஞ்சாவது கேமரா இடது பக்கம் அத்தை. அப்ப இடது பக்கம் முடியை வாரிக்கிட்டுப் போகணும்" என்றார்.

கச்சேரி சனிக்கிழமை மத்தியானம். வேனில் டைரக்டர் எனக்கு ஒரு ஓரத்தில் நாற்காலி போட்டுக் கொடுத்தார். "வாங்கம்மா, உங்களைத்தான் பாக்கணும்னு இருந்தேன். ஒண்ணே ஒண்ணு. இங்க மூச்சு விடலாம், பேசக் கூடாது. நீங்க பேசினா கேமராக்காரங்க காதுல விழும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது" என்றேன். அதோடு நான் வாயை மூடினேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும்.

திரைகளில் எல்லோரும் தெரிந்தார்கள். முன்வரிசையில் குழுவின் மேனேஜர் உட்கார்ந்திருந்தார். கண்டக்டர் தும்மினால்கூட, 'ஆஹா, என்ன தாளத்துல தும்முறீங்க சார்' என்கிற ஆள் என்று மகள் ஏற்கெனவே சொல்லியிருந்தாள். புதுக் கோட்டு சூட்டில் சும்மா ஜம்மென்று இருந்தார். மெதுவான பகுதி வந்தபோது அவர் தலை மெள்ளச் சாய்ந்தது. நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். பேசத்தான் கூடாதே தவிர, பார்க்கலாம் அல்லவா?

மகள் குரல் தண்ணீர் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. "கேமரா ரெண்டு, செல்லோ. மூணு, ரெண்டு, ஒண்ணு. கேமரா ஆறு, டிரம்." தலையை நிமிர்த்தவே இல்லை, விரலும் கண்ணும் புத்தகத்தில். முந்நூறாவது கட்டம் தாண்டியதும் அவள் காது மடல் சிவக்க ஆரம்பித்தது. தொண்டையைச் செருமினாள். பதினோரு வருஷமாக வேலையிடத்தில் 'தட்டு' என்று மட்டுமே சொல்லி வந்தவள், அந்த ஒரு நிமிஷம் வீட்டில் பேசுகிற மாதிரி பேசிவிட்டாள்.

"கேமரா அஞ்சு, அடுத்தது ஜால்ரா."

ஐந்தாம் திரையைப் பார்த்தேன். கேமரா மேடை ஓரத்தில் நின்றது. வலது பக்கம் திரும்பினால் கடைசி வரிசை, இடது பக்கம் திரும்பினால் ஜனங்கள். அது இடது பக்கம் திரும்பியது. திரும்பி, இறங்கி, கிட்டே போய், முன்வரிசையில் தூங்குகிற மேனேஜர் முகத்தில் போய் நின்றது. வாய் லேசாகத் திறந்திருந்தது.

மகள் பார்க்கவில்லை. டைரக்டர் வேறொரு திரையில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தது நான் ஒருத்திதான். எனக்கு வார்த்தை தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. பேசக் கூடாது என்று சொல்லியிருக்கிறாரே! இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"மூணு. ரெண்டு. ஒண்ணு."

சொடுக்கு விழுந்தது. 'ஜாங்ங்!' என்று மாப்பிள்ளையின் அடி வேன் சுவரை அதிரவைத்தது. பெரிய திரையில் மேனேஜர் பாம்பை மிதித்தவர் மாதிரி எழும்பினார். கையிலிருந்த நிகழ்ச்சித் தாள் மேலே பறந்தது. அவர் எழுந்ததும் மடக்கு நாற்காலி 'டப்' என்று மூடிக்கொண்டது. அந்த டப்பைக் கேட்டுக் கண்டக்டரே வாசிப்புக்கு நடுவில் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தார்.

சிம்பொனி என்னமோ ஒழுங்காக முடிந்தது. ஜனங்கள் கைதட்டினார்கள்.

"அஞ்சு! என்னய்யா பண்ணின?" என்றார் டைரக்டர்.

ஒலிபெருக்கியில் கேமராக்காரர் குரல் வந்தது. "மேடம்தான சார் ஜால்ரான்னாங்க? நாங்க மேனேஜரை ஜால்ரான்னுதான சொல்லுவோம்? லிஸ்ட்லயும் பாத்தேன், மாப்பிள்ளைன்னு போட்டிருக்கு. அவரும் புதுசா கோட்டு சூட்டெல்லாம் போட்டுக்கிட்டு மாப்பிள்ளை மாதிரிதான் உக்காந்திருந்தாரு. தூங்குறாரேன்னு பாத்தேன். சரி, டைரக்டர் ஏதோ குறும்பா கேக்குறாருன்னு நினைச்சேன்."

மகள் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். "அம்மா, நீ பாத்தியா?"

"பாத்தேன்டி."

"ஏன் சொல்லல?"

"பேசக் கூடாதுன்னாரே!"

"வாழ்க்கையில ஒரு தடவை சொன்ன பேச்சு கேட்டிருக்க. அதுவும் இன்னிக்கா?"

டைரக்டர் முதலாம் கேமராவின் பதிவைப் போட்டுப் பார்த்தார். கண்டக்டர் திருதிருவென்று பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதையும் வைக்க முடியாது. ஒலிப்பதிவில் நாற்காலி டப் என்று பளிச்சென்று விழுந்திருந்தது. அந்த இடத்தை மட்டும் திரும்ப வாசித்து ஒட்டித்தான் ஆகவேண்டும். ஆனால் கச்சேரி முடிந்த பிறகு வாசிக்கவைக்க மேனேஜர் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லையாம்.

அதற்குள் மேனேஜரே மூச்சிரைக்க வேனுக்குள் ஏறினார். "நான்... என்னை... ஏதாவது விழுந்துச்சா கேமராவுல?"

டைரக்டர் ஒரு பட்டனைத் தட்டினார். மேனேஜர் தன்னையே பார்த்தார். தூங்கினார், எழும்பினார், தாள் பறந்தது.

"இது வீட்டுக்கு வீடு போகுமா?"

"போகும் சார். நல்லா தெளிவா வந்திருக்கு."

"திரும்ப வாசிக்கலாம்" என்றார் மேனேஜர். "எத்தனை தடவை வேணும்னாலும். நான் போய்ச் சொல்றேன், யாரும் கிளம்ப வேண்டாம்னு."

ஜனங்கள் வெளியே போனதும் காலி அரங்கத்தில் தொண்ணூறு பேரும் மறுபடி உட்கார்ந்தார்கள். பெட்டியில் வைத்த வயலினை எடுத்துக்கொண்டு முணுமுணுப்பு வேறு. முப்பது கட்டம் முன்னாலிருந்து ஆரம்பித்தார்கள்.

"கேமரா அஞ்சு, அடுத்தது தட்டு. கடைசி வரிசை. நின்னுக்கிட்டிருக்கிற ஆளு. தட்டு" என்றாள் மகள், பல்லைக் கடித்துக்கொண்டு.

"புரிஞ்சுது மேடம், புரிஞ்சுது."

ஐந்தாம் திரையில் மாப்பிள்ளை எழுந்து நின்றார். இடது பக்கம் முடி படிந்திருந்தது. வாரைக் கையில் சுற்றினார். தட்டுகளைத் தூக்கினார். உதடு அசைந்துகொண்டிருந்தது, எண்ணிக்கொண்டிருந்தார்.

"மூணு" என்றாள் மகள். "ரெண்டு."

ஒண்ணு வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். அவள் விரல் புத்தகத்தில்தான் இருந்தது. கண் திரையில் இருந்தது. டைரக்டர் அவளுக்காகக் காத்திராமல் தானாகச் சொடுக்கினார்.

மாப்பிள்ளை அடித்தார். அடித்துவிட்டு இரண்டு தட்டையும் அகலமாக விரித்து மேலே தூக்கினார். தட்டின் விளிம்பு நடுங்குவதுகூடத் தெரிந்தது. கன்னமும் சேர்ந்து நடுங்கியது.

அடுத்த கட்டத்திலேயே ஓபோவுக்குத் தனியாக வாசிக்கிற இடம். ஓபோ என்பது நாதஸ்வரத்துக்குச் சின்னத் தம்பி மாதிரி ஒரு குழல். மூன்றாவது கேமராவைக் கூப்பிட வேண்டும். அவள் கூப்பிடவில்லை. டைரக்டர் விரலைத் தூக்கி அவளைப் பார்த்தார். அப்புறம் விரலை மெள்ள மடக்கிக்கொண்டார். ஓபோ அது பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது. திரையில் மாப்பிள்ளை தட்டைத் தூக்கியபடி நின்றார். எட்டு கட்டம் அப்படியே போயிற்று.

"அம்மா" என்றாள் மகள் ரொம்ப சின்னக் குரலில். "அவர் அடிக்கும்போது கண்ணை மூடிக்கிறாரும்மா."

"இது உனக்குத் தெரியாதா?"

"எப்படித் தெரியும்? அந்த இடம் வரும்போதெல்லாம் நான் பக்கத்தைத்தானே பாத்துக்கிட்டு இருந்தேன். பதினோரு வருஷமா."

டைரக்டர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஓபோவை அப்புறம் ஒட்டிக்கலாமா?" என்று தனக்குத் தானே கேட்டார். "வேண்டாம், இருக்கட்டும். நல்லாத்தான் இருக்கு" என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார்.

படம் நாலு மாதத்தில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோரும் எங்கள் கூடத்தில் கூடினோம். மாப்பிள்ளையின் அண்ணன் பெரிய சோபாவில் காலை நீட்டிக்கொண்டு, போனைக் கையில் தயாராக வைத்திருந்தார். அந்த இடம் வந்தது. ஜாங்ங். எட்டு கட்டம், முழுத் திரைக்கும் மாப்பிள்ளை.

அண்ணன் கண்ணைச் சுருக்கித் திரையைப் பார்த்தார். பிறகு, "என்னடா, கண்ணை மூடிட்டு இருக்க? தூங்கிட்டியா?" என்றார்.

"அண்ணா!" என்று நாங்கள் மூன்று பேரும் ஒரே குரலில் கத்தினோம். அவருக்கு நான் அத்தை முறை, ஆத்திரத்தில் எனக்கும் அண்ணா என்றே வந்துவிட்டது.

"சரி சரி, கோவிச்சுக்காதீங்க. திருப்பிப் போடு, ஒழுங்கா பாக்கறேன்" என்றார். திருப்பிப் போட்டோம். இன்னொரு தடவை என்றார். நாலாவது தடவையில் போனைத் தூக்கி, தம்பி தட்டைத் தூக்கி நிற்கிற இடத்தில் படத்தை நிறுத்தச் சொல்லி, அதைப் படம் எடுத்துக்கொண்டார். "தட்டுதான் நடுங்குது, ஆள் ஆடாம நிக்கிறான் பாரு" என்று முணுமுணுத்தார். மாப்பிள்ளை பார்க்காதவர் மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். காது மட்டும் இங்கேயே இருந்தது.

அப்போதுதான் என் போன் அடித்தது. ஓபோ வாசிக்கிறவரின் மாமியார். நான் ஹலோ சொல்வதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

"ஏங்க, இது நியாயமா? எங்க மாப்பிள்ளை தனியா வாசிக்கிற இடமே அது ஒண்ணுதான். ஊரையெல்லாம் கூப்பிட்டு உக்கார வெச்சிருக்கேன். பாத்தா உங்க ஆளு தட்டைத் தூக்கிக்கிட்டு நிக்கிறாரு! எங்க ஆளு காதுல கேக்குறாரு, கண்ணுல காணோம்!"

மகளைப் பார்த்தேன். அவள், 'நான் வீட்டிலேயே இல்லை' என்று கையால் காட்டினாள். "அவரு வாசிச்சது ரொம்ப நல்லா இருந்துச்சுங்க" என்று இழுத்தேன்.

"நல்லா இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதா? பாக்க வேண்டாமா?"

அந்த நேரம் பார்த்து அண்ணன் ரிமோட்டை அமுக்கிவிட்டார். கூடம் அதிர, ஜாங்ங்.

அது போன் வழியாக அந்த அம்மாள் காதிலும் விழுந்தது. "இப்பக்கூட அதைத்தான் போட்டுப் பாத்துக்கிட்டு இருக்கீங்களா?"

"ஆமாங்க" என்றேன். பொய் சொல்ல வரவில்லை. "அஞ்சாவது தடவை. இருங்க, நிறுத்தச் சொல்றேன்."

"நிறுத்தாதீங்க!" என்று கத்தினார் அந்த அம்மாள். "நிறுத்திடாதீங்க, போனை டிவி பக்கத்துல கொண்டு போங்க. இப்பதான் எங்காளு வர்ற இடம்."